ஊட்டிக் குளிரில் பால் பைத்தான் பாம்பு: மேட் சுடுகிறது, தொட்டி சூடாகவில்லை

காந்தல்வாசி | டிசம்பர் 27, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகிக் கோவையிலிருந்து ஊட்டிக்கு வந்திருக்கிறோம். காந்தல் பக்கம் பழைய வீடு, கருங்கல் சுவர், தகரக் கூரை. என்னிடம் நாலு வயசுப் பெண் பாம்பு ஒன்று இருக்கிறது, பால் பைத்தான் (ball python) என்கிற விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு. எடை 1,400 கிராம். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, அடியில் ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு), மேலே கம்பி வலை மூடி. கோவையில் இது தாராளமாகப் போதும்.

இங்கே உறைபனி விழ ஆரம்பித்ததிலிருந்து விடியற்காலையில் அறைக்குள்ளேயே 9 டிகிரி காட்டுகிறது. மேட் மேல் வைத்துப் பார்த்தால் 33. தொட்டிக்குள் காற்று 17-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. பாம்பு இராப்பகலாக மேட்டின் மேலேயே சுருண்டு கிடக்கிறது. எலி வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை.

ரூம் ஹீட்டர் வாங்குவதா, குண்டு பல்ப் போடுவதா? பக்கத்து வீட்டுப் பாட்டி கரி அடுப்பு மூட்டி அறையில் வைக்கச் சொல்கிறார். மலையில் பாம்பு வளர்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த பாம்புதான்.

---

கோத்தகிரி மிளகு | டிசம்பர் 27, இரவு 10:15

தம்பி, முதல் வேலையாகக் கரி அடுப்பு யோசனையை விட்டுவிடுங்கள். பாட்டி அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது. அப்படித் தூங்கி எழுந்திருக்காமல் போனவர்கள் ஊட்டியிலும் உண்டு, கொடைக்கானலிலும் உண்டு. பாம்புக்கு மட்டுமில்லை, உங்கள் குடும்பத்துக்கும் அது எமன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஹீட் மேட் தன்னைத் தொடுகிற பொருளைத்தான் சூடாக்கும். காற்றைச் சூடாக்குவது அதன் வேலை இல்லை. கோவையில் அறையே 26, 27-ல் இருந்தது, அதனால் மேட் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. இங்கே அறை 9. உங்கள் பாம்பின் நிலைமை, வெந்நீர்ப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு தொட்டபெட்டா உச்சியில் நிற்பது மாதிரி. வயிற்றுப் பக்கம் 33, முதுகுப் பக்கம் 17. அது மூச்சில் இழுப்பதும் அந்த 17 டிகிரிக் காற்றைத்தான். மேட்டை விட்டு நகராததற்கும் காரணம் அதுவே.

பால் பைத்தானுக்குச் சூடான முனையில் 31 முதல் 33 வேண்டும், குளிர்ந்த முனையில் 25 முதல் 27. இரவானாலும் எந்த மூலையும் 24-க்குக் கீழே போகக் கூடாது. இரண்டு முனையும் வேண்டும், ஏனென்றால் தனக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று பாம்பே இடம் மாறித் தீர்மானிக்கும்.

செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை சொல்கிறேன். தொட்டி கருங்கல் சுவரை ஒட்டி இருந்தால் அங்கிருந்து எடுத்து, வீட்டின் நடு அறையில் மேஜை மேல் வையுங்கள். தரைதான் வீட்டிலேயே அதிகக் குளிர். பின்பக்கம், இரண்டு பக்கவாட்டுக் கண்ணாடி மூன்றுக்கும் ஓர் அங்குலத் தெர்மாகோல் ஒட்டுங்கள், வெளிப்புறமாக. கம்பி வலை மூடி வழியாகத்தான் சூடு பூராவும் வெளியே ஓடுகிறது. அதில் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடிக் கால் பங்கைக் காற்றுக்கு விடுங்கள். இதற்கே காற்றின் சூடு நாலைந்து டிகிரி ஏறும். மீதிக்கு மேலிருந்து சூடு தர வேண்டும்.

மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் (வைத்த சூட்டைத் தாண்டாமல் அணைத்துப் போடும் கருவி) இருக்கிறதா? அதைச் சொல்லவே இல்லையே.

---

மலைரோஜா | டிசம்பர் 27, இரவு 10:50

குளிர்காலத்தில் பாம்பெல்லாம் தூங்கும்தானே? சாப்பிடாததும் அதனால்தான் இருக்கும். இயற்கையாக விட்டுவிட்டால் மார்ச்சில் தானாக எழுந்துகொள்ளும் என்று நினைக்கிறேன்.

---

மிருகவைத்தியர் | டிசம்பர் 27, இரவு 11:30

மலைரோஜா, இந்த எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

குளிரில் ஒடுங்கிக் கிடப்பது சில பாம்புகளுக்குத்தான் உரியது. கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளைச் சேர்ந்தது. அங்கே குளிர்காலம் உண்டு, அதற்கேற்ற உடம்பும் அதற்கு உண்டு. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பாம்பு: கானா, டோகோ, பெனின் பக்கம். அங்கே எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் வாழும். குளிர் என்றால் என்னவென்று தெரியாத மண். அந்த உடம்புக்கு 10, 15 டிகிரியில் ஒடுங்கும் ஏற்பாடே கிடையாது. அது அசையாமல் கிடந்தால் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, உடம்பு இயங்க முடியாமல் நிற்கிறது.

பாம்பு தன் உடம்பில் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. செரிமானம், நோய் எதிர்ப்பு எல்லாமே வெளிச்சூட்டை நம்பித்தான் நடக்கின்றன. குளிரில் விழுங்கிய எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும். பிறகு கக்கிவிடும். அந்தக் கக்கலில் உணவுக்குழாய் புண்ணாகி, தேறி வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் காந்தல்வாசியின் பாம்பு எலியைத் தொடாதது இப்போதைக்கு நல்லதே. சூட்டைச் சரிசெய்து, அது ஒரு வாரமாவது நிலையாக நின்ற பிறகு உணவு கொடுங்கள். எடை நன்றாக இருக்கிற பால் பைத்தான் குளிர்மாதங்களில் சூடு சரியாக இருந்தாலும் சில வாரங்கள் சாப்பிடாமல் இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். சமையல் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 1,400-லிருந்து 1,260-க்குக் கீழே இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளிரால் முதலில் அடிபடுவது நுரையீரல். மூச்சு விடும்போது விசில் சத்தம், மூக்குத் துளையில் குமிழி, வாயோரத்தில் நூல் மாதிரி எச்சில், தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு இழுப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். சட்டை உரிக்கும் சமயத்தில் மட்டும் மூக்கில் பழைய தோல் ஒட்டிக்கொண்டு லேசான விசில் வரலாம், உரித்ததும் போய்விடும். மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்து ஊற்றும் வேலை வேண்டவே வேண்டாம். அளவு மாறினால் சிறுநீரகம் போய்விடும்.

---

காந்தல்வாசி | டிசம்பர் 28, காலை 7:05

ரொம்ப நன்றி டாக்டர். அக்கா, மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் இருக்கிறது, 33-ல் வைத்திருக்கிறேன். இராத்திரியே தொட்டியை நடு அறைக்கு மாற்றிவிட்டேன். காலையில் அறை 13, தொட்டிக் காற்று 20. மூச்சில் சத்தம் எதுவும் இல்லை. விசில், குமிழி எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

பகலில் இங்கே நல்ல வெயில் அடிக்கிறது. ஜன்னலோரம் வைத்தால் என்ன?

---

கோத்தகிரி மிளகு | டிசம்பர் 28, காலை 7:30

வேண்டாம் தம்பி! மலை வெயில் சுள்ளென்று இருக்கும். கண்ணாடித் தொட்டி ஜன்னல் வெயிலில் அரைமணி நேரம் நின்றால் உள்ளே 40-ஐத் தாண்டிவிடும். குளிரைவிட வேகமாக அது கொல்லும். வெயில் தொட்டி மேல் நேராக விழவே கூடாது.

---

வயர்மேன் குன்னூர் | டிசம்பர் 28, மதியம் 1:20

நான் எலக்ட்ரீஷியன். இங்கே நாலைந்து பேர் வீட்டில் இந்தக் கூண்டு வேலை செய்து கொடுத்திருக்கிறேன். சூடு பற்றி அக்கா சொல்லிவிட்டார், நான் வயர் பற்றிச் சொல்கிறேன்.

குண்டு பல்ப் வேண்டாம். ராத்திரி முழுக்க வெளிச்சம் அடித்தால் பாம்பு வெளியே வராது. அணைத்தால் சூடு போய்விடும். செராமிக் ஹீட்டர் என்று வெளிச்சமில்லாத பல்ப் கிடைக்கிறது, 60 வாட்டிலும் 100 வாட்டிலும். அது திருகு மாடல். நம் வீடுகளில் இருப்பது முளை வைத்த பின் ஹோல்டர். ரெண்டையும் இணைக்கப் பிளாஸ்டிக் அடாப்டர் விற்கிறார்கள், வாங்கவே வாங்காதீர்கள். அந்த ஹீட்டரின் கழுத்துச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி, ஹோல்டர் சாய்ந்து, தொட்டிக்குள்ளேயே விழும். பீங்கான் ஹோல்டர், சூடு தாங்கும் சிலிக்கான் வயர், மூன்று பின் பிளக். இதில் காசு பார்க்காதீர்கள்.

ஹீட்டர் தொட்டிக்கு வெளியே, வலை மூடியின் மேல் உலோகக் குடைக்குள் இருக்கட்டும். அதைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குத் தெர்மாகோல், துணி, அட்டை எதுவும் வரக் கூடாது. அந்த இடத்தில் வலைக்கம்பியும் கொதிக்கும். பாம்பு ஏறி அதைத் தொடும் உயரத்தில் கிளை, கட்டை எதுவும் வைக்காதீர்கள். பலகைக் கூண்டாக இருந்து ஹீட்டரை உள்ளே மாட்டினால் கம்பிக் கூடு கட்டாயம். பாம்பு போய்ச் சுற்றிக்கொள்ளும். தோல் வெந்தாலும் விலகத் தெரியாது அதற்கு.

அடுத்தது கண்ட்ரோல். மேட்டுக்கு ஒன்று, மேல் ஹீட்டருக்கு ஒன்று, தனித்தனியாக. முட்டை பொரிப்பானுக்குப் போடுகிற எஸ்டிசி-1000 என்கிற கண்ட்ரோலர் போதும். அதன் ஹீட்டிங் பக்கத்து ரிலேயில் (தானியங்கி சுவிட்ச்) இணைத்து, எத்தனை டிகிரி இறங்கினால் மறுபடி போட வேண்டும் என்கிற வித்தியாசத்தை 0.5 என்று வையுங்கள். மேட்டின் சென்சார் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிப்பக்கமாக இருக்கட்டும். மேல் ஹீட்டரின் சென்சாரைத் தொட்டிக்குள், பாம்பு சுருண்டால் அதன் முதுகு வரும் உயரத்தில், ஹீட்டருக்கு நேர் கீழே வராமல் கட்டுங்கள்.

அந்தச் சென்சார் கட்டும் விதம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். பாம்பு ராத்திரி உலாவும்போது வயரைத் தள்ளும். சென்சார் குளிர்ந்த மூலைக்கு நழுவினால் "இன்னும் குளிர்தான்" என்று கண்ட்ரோலர் நினைத்துக்கொண்டு ஹீட்டரை நிறுத்தாமல் ஓட்டும். அதனால் ஓட்டை போட்டு, கேபிள் டையால் இரண்டு இடத்தில் இறுக்கி, டையின் மிச்ச நுனியை மொட்டையாக வெட்டிவிடுங்கள். செல்லோ டேப் தொட்டிக்குள் போகவே கூடாது. வயிற்றுச் செதிலில் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்கும்போது தோலோடு வரும். கண்ட்ரோலரை மட்டும் நம்பாமல், குளிர்ந்த முனையில் தனியாக ஒரு தெர்மாமீட்டர் எப்போதும் இருக்கட்டும்.

ரூம் ஹீட்டர் கணக்கு: 2,000 வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் விடாமல் ஓடினால் 20 யூனிட், ஒரே ராத்திரிக்கு. 60 வாட் செராமிக் நாள் முழுக்க அணையாமல் எரிந்தாலே ஒன்றரை யூனிட்தான். அறையைச் சூடாக்குவதை விடக் கூண்டைச் சூடாக்குவதே புத்தி.

---

மலைப்பூண்டு | டிசம்பர் 28, இரவு 8:45

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். குன்னூர் அண்ணன் சொன்ன செட்டப்தான் எங்களிடமும். ஆனால் ஈரப்பதத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே?

மழைக்காலத்தில் வீடெல்லாம் பூஞ்சை பிடிக்கிற ஊரில் ஈரப்பதத்துக்கு என்ன குறைச்சல் என்று தோன்றும். பனிக்காலம் வேறு. 5 டிகிரிக் குளிர்காற்றில் 80 சதவீத ஈரம் இருந்தாலும், அதே காற்றை 28 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தண்ணீரின் அளவு மாறவில்லை, சூடான காற்றின் கொள்ளளவுதான் கூடிவிட்டது. செராமிக் ஹீட்டர் மாட்டியவுடன் நிறையப் பேருக்குப் பாம்பின் சட்டை துண்டு துண்டாக உரிவதற்குக் காரணம் இதுதான். பால் பைத்தானுக்கு 55-லிருந்து 65 சதவீதம் வேண்டும்.

தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். மேலே ஈரமும் குளிரும் சேர்ந்தால் சளிக்கு வழி. தேங்காய் நார்த்தூளை நாலு விரல் கனத்துக்குப் போட்டு, ஓரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடான பக்கத்துக்குக் கொஞ்சம் நகர்த்துங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஆர்க்கிட் செடிக்கு விற்கிற பாசியை நனைத்துப் பிழிந்து உள்ளே வையுங்கள். சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பாய்ந்த நாளிலிருந்து பாம்பு அதற்குள்ளேயே கிடக்கும். சோலைக்காட்டுப் பாசியைப் பிய்த்து வராதீர்கள். காட்டுக்கும் கேடு, பூச்சியும் கூடவே வரும்.

---

காந்தல்வாசி | டிசம்பர் 29, காலை 6:50

நார்த்தூள் கனமாகப் போட்டால் மேட்டின் சூடு மேலே வராதே?

---

மலைப்பூண்டு | டிசம்பர் 29, காலை 8:10

சரியாகப் பிடித்தீர்கள். மேட் இருக்கும் இடத்தில் மட்டும் விரல் கனம் போதும், மற்ற இடத்தில் கனமாக. தூள் கனமாக இருந்தால் அடியில் சூடு தங்கி, பாம்பு தோண்டிப் படுத்தால் வயிறு பொசுங்கும். மேல் ஹீட்டர் வந்துவிட்டால் மேட்டை 30-க்குக் குறைத்துவிடலாம்.

---

கேத்திக் காய்கறி | டிசம்பர் 29, காலை 11:25

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். கேரட் பிடுங்கும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பாம்பு வந்தது. ஒரு சாண் நீளம், பழுப்பு நிறம், பளபளப்பு. தலையும் வாலும் வித்தியாசம் தெரியவில்லை. கடிக்கவே இல்லை. குளிரில் விறைத்த மாதிரி இருந்ததால் பிள்ளைகள் ஷூ டப்பாவில் கம்பளி போட்டு அடுப்படியில் வைத்திருக்கிறார்கள். இதற்கும் ஹீட்டர் வேண்டுமா?

---

மிருகவைத்தியர் | டிசம்பர் 29, மதியம் 12:05

ஐயா, தயவுசெய்து உடனே அதை அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கேடயவால் பாம்பு, அநேகமாகப் பெரோட்டே கேடயவால். விஷமில்லை. மண்புழு தின்னும், குட்டி போடும். நீலகிரியின் மேட்டு நிலத்துக்கே உரிய இனம். ஊட்டிக் குளிர்தான் அதன் வீடு. மேலே உறைபனி விழுந்தாலும் மண்ணுக்குள் அத்தனை குளிர் இறங்காது, அங்கேதான் அது இருக்கும். அடுப்புச் சூடு அதைக் கொன்றுவிடும். பிடித்த வயலிலேயே, ஈரமான, களையும் இலையும் கிடக்கும் ஓரத்தில் விட்டுவிடுங்கள். அதுவே மண்ணுக்குள் போய்விடும்.

இன்னொன்று, நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. விஷமில்லை, சின்னது என்ற விலக்கெல்லாம் இல்லை. பால் பைத்தான் வெளிநாட்டு இனம், சைட்டிஸ் என்கிற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024-இல் வந்த விதிகளும் அப்படிப்பட்டவற்றைப் பதிவு செய்யச் சொல்கின்றன. காந்தல்வாசி முதல் பதிவிலேயே அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

---

கேத்திக் காய்கறி | டிசம்பர் 29, மாலை 4:40

விட்டாச்சு சார். பிள்ளைகளையே கூட்டிப்போய் விடச் சொன்னேன். மண்ணில் வைத்ததும் மூக்கால் குத்தி, திருகித் திருகி உள்ளே இறங்கிவிட்டது. இனி மண்வெட்டி போடும்போது பார்த்துப் போடுவோம்.

---

காந்தல்வாசி | டிசம்பர் 30, இரவு 9:15

குன்னூர் அண்ணன் சொன்ன மாதிரியே பொருளெல்லாம் வாங்கி மாட்டிவிட்டேன். 100 வாட் செராமிக், இரண்டு கண்ட்ரோலர். இப்போது அறை 12. சூடான முனை 32, குளிர்ந்த முனை 25, ஈரப்பதம் 58. சாயங்காலம் பாம்பு மேட்டை விட்டு இறங்கிக் குளிர்ந்த முனைக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. இங்கே வந்ததிலிருந்து அது நடமாடி இன்றைக்குத்தான் பார்க்கிறேன். வீட்டில் எல்லாரும் நின்று பார்த்தோம்.

மிச்சம் ஒரே பயம்தான். காற்றடித்தால் மரம் விழுந்து இரவெல்லாம் கரண்ட் இல்லாமல் போகிறது. அப்போது என்ன செய்வது?

---

வயர்மேன் குன்னூர் | டிசம்பர் 30, இரவு 10:00

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கூண்டை அதில் போடுங்கள். 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் கணக்குக்கு 1,800 வாட்-மணி. பாதிதான் கையில் கிடைக்கும் என்று வைத்தாலும் 900. உங்கள் 100 வாட் ஹீட்டர் நிற்காமல் எரிந்தாலும் ஒன்பது மணி நேரம் வரும். கண்ட்ரோலர் அணைத்து அணைத்துப் போடுவதால் விடியும்வரை தாங்கும். டிவி, ஃபிரிட்ஜை மட்டும் அந்த லைனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

---

கோத்தகிரி மிளகு | டிசம்பர் 30, இரவு 10:20

இன்வெர்ட்டரும் காலியாகிவிட்டால்: தொட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள், ஹீட்டர் ஆறிய பிறகு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போர்த்துங்கள், இல்லையென்றால் நடு ராத்திரி கரண்ட் வந்ததும் கம்பளி பற்றிக்கொள்ளும். ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள். கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டிலில் ஊற்றி, டவலால் இரண்டு சுற்றுச் சுற்றி, பாம்பின் மறைவிடத்துக்கு வெளியே வையுங்கள். ஆறினால் மாற்றுங்கள். பாம்பை வெந்நீரில் முக்குவது, கணப்புக்குப் பக்கத்தில் கொண்டு போவது எதுவும் வேண்டாம்.

ரொம்ப நேரம் ஆகும் என்று தெரிந்தால் பருத்திப் பைக்குள் பாம்பை விட்டு, வாயைக் கட்டி, மீன் கடையில் கிடைக்கிற தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். மூடியில் நாலு ஓட்டை போடுங்கள். வெந்நீர்ப் பாட்டில் பையைத் தொடாமல் மூலையில் இருக்கட்டும். பெட்டிக்குள் 25, 26 இருந்தால் போதும். மருத்துவருக்குக் காட்ட மலையிறங்க வேண்டி வந்தாலும் இதே பெட்டிதான். மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டியதும் பாட்டிலை எடுத்துவிடுங்கள், கீழே அது தேவைப்படாது.

ஒரு ராத்திரி 20-க்கு இறங்கினால் எடையுள்ள, ஆரோக்கியமான பாம்புக்கு ஒன்றும் ஆகாது. நாள் கணக்கில் குளிரில் கிடப்பதும், வயிற்றில் எலி இருக்கும்போது குளிர்வதும்தான் ஆபத்து.

---

காந்தல்வாசி | ஜனவரி 7, இரவு 8:30

ஒரு வாரமாகச் சூடு ஒரே சீராக நிற்கிறது. எடை 1,385. நேற்று இரவு மறைவிடத்திலிருந்து தலையை மட்டும் நீட்டி, வாசலைப் பார்த்தபடி ரொம்ப நேரம் காத்திருந்தது. பசி என்றுதான் நினைக்கிறேன். எலி கொடுக்கலாமா டாக்டர்? வழக்கமான அளவா?

---

மிருகவைத்தியர் | ஜனவரி 7, இரவு 9:10

கொடுக்கலாம். முதல் தடவை வழக்கமானதில் பாதி அளவு எலி போதும். ஃப்ரீசர் எலி என்றால் உள்ளே வரை ஐஸ் விட்டிருக்கிறதா என்று வயிற்றை அழுத்திப் பாருங்கள், பிறகு வெந்நீரில் வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். பால் பைத்தான் சூட்டையும் வைத்துத்தான் இரையை அடையாளம் காணும், இந்தக் குளிரில் எலி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும். விழுங்கிய பிறகு இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவதாக அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். அந்த இரண்டு நாளுக்குள் வந்தால் உணவை அதற்கு அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.